75 மி.மீ. ஈட்டி குட்டையா? (17ஆம் நூற்றாண்டு, 28 மி.மீ. பொம்மைகள்)

#1 ஈயச்சிப்பாய்

வணக்கம். மேசை மேல் பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டத்துக்காக, ஆங்கில உள்நாட்டுப் போரின் (1642–1651) பொம்மைப் படை ஒன்று கட்ட ஆரம்பித்திருக்கிறேன். கண் வரை உயரம் 28 மி.மீ., எல்லாம் பிளாஸ்டிக். பெட்டியைப் பிரித்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது. ஈட்டிக்காரன் கையில் இருக்கும் ஈட்டியை அளந்தால் 75 மி.மீ.தான் இருக்கிறது. பொம்மையை 1:56 என்று வைத்துக்கொண்டால் அசலில் 4.2 மீட்டர், அதாவது 14 அடிக்குக் கொஞ்சம் குறைவு. படித்த இடத்தில் எல்லாம் 16 அடி, 18 அடி என்றே போட்டிருக்கிறது. 16 அடிக்கு 87 மி.மீ. வர வேண்டும். 18 அடி என்றால் 98.

நாற்பது ஈட்டியையும் வெட்டிப் போட்டுவிட்டு 100 மி.மீ. எஃகுக் கம்பி வாங்கி ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். கம்பியும் கூரியரும் சேர்த்தால் பெட்டி விலையில் பாதி ஆகிவிடும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. அதே பெட்டியில் கோடாரித் தலை வைத்த கழி நாலு இருக்கிறது. ஹால்பர்ட் என்று நினைக்கிறேன். அதை யார் கையில் கொடுப்பது?

(இந்த நீள ஈட்டிக்கு ஆங்கிலத்தில் பைக் என்று பெயர். அப்படி எழுதினால் எனக்கே புல்லட் சத்தம் கேட்கிறது. அதனால் ஈட்டி என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

#2 பகடை_ஆறு

மாற்ற வேண்டாம். என் உள்ளங்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது, இரண்டும் எஃகுக் கம்பி போட்டது. ஆட்டத்தின் நடுவில் படையைத் தூக்கி நகர்த்தும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை இறக்குவோம் பாருங்கள், அப்போதுதான்.

#3 அளவுகோல்

மாற்றத்தான் வேண்டும். 16 அடி என்றால் 16 அடி.

1607இல் ஹாலந்தில் வெளிவந்த யாக்கோப் த கெய்னின் கவாத்துப் படங்களைப் பாருங்கள். மொத்தம் 117 படம், அதில் 32 ஈட்டிக்கு மட்டும். நிமிர்த்திப் பிடிப்பது, தோளில் சாய்ப்பது, நீட்டுவது என்று ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக இருக்கிறது. ஆளைப் போல மூன்று மடங்கு நீளம் ஈட்டி. பொம்மை தலைவரை 30 மி.மீ. என்றால் ஈட்டி 90 வேண்டாமா? 75 போட்டால் படை மாதிரியே தெரியாது, கல்யாண மண்டப வாசலில் பந்தல்கால் நட்ட மாதிரி இருக்கும்.

#4 தூரிகைத்தாத்தா

தம்பி, கட்டரைக் கீழே வையுங்கள். அவசரம் வேண்டாம்.

ஜேம்ஸ் டர்னர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். இளவயதில் ஸ்வீடன் படையில் சேர்ந்து ஜெர்மனியில் போரிட்டார், பிறகு ஊர் திரும்பி உள்நாட்டுப் போரிலும் அடிபட்டு எழுந்தவர். வயதான காலத்தில் போர்க்கலையைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதினார், 1683இல் அச்சேறியது. ஈட்டியைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: 18 அடி இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான அரசுகளின் உத்தரவு, ஆனால் 15 அடியைத் தாண்டும் ஈட்டி அபூர்வம். அதிகாரி கவனிக்காமல் விட்டால் அந்தப் பதினைந்திலும் சிப்பாய் ஒரு துண்டை நறுக்கிவிடுவான், அதைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன் என்கிறார்.

கணக்குப் போடுங்கள். 15 அடி உங்கள் அளவில் 82 மி.மீ. அதில் ஒன்றேகால் அடி நறுக்கினால் என்ன வருகிறது? உங்கள் பெட்டியில் இருக்கும் 75 வருகிறது.

ஏன் நறுக்கினான் என்பதற்கு நூல் தேவையில்லை. எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது சாரம் கட்டச் சவுக்குக் கழி வந்து இறங்கியது. அதில் 16 அடி இருந்த ஒன்றை எடுத்து, அந்தக் கவாத்துப் படத்தில் இருப்பது போல வலது கையை அடிமுனையில் வைத்துப் பின்னால் இழுத்து, இடது கையை முன்னால் தாங்கலாகக் கொடுத்து, தோள் உயரத்தில் படுக்கையாக நீட்டினேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கைக்கு வலி வருவதற்கு முன்பே முனை ஆட ஆரம்பித்துவிட்டது. லேசாகத்தான் காற்று. முனை தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. மேஸ்திரி தலைப்பாகையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

சவுக்கு கனமான மரம், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வைத்திருந்தது ஆஷ் மரம். ஒரே பருமனாக விடாமல் நடுவில் தடிமனாகவும் இரண்டு முனையிலும் மெலிந்தும் இழைத்திருப்பார்கள். என் கழியை விட அது கைக்கு அடங்கும். ஆனாலும் நாள் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு மரக்கிளைக்கும் வேலிக்கும் நடுவே நடக்கிறவனுக்கு ஓர் அடி குறைந்தால் எவ்வளவு சுகம் என்று அந்தக் கழி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

பெட்டிக்காரர் தவறாகச் செய்திருக்கலாம். ஆனால் அந்தத் தவறு உங்கள் பொம்மைகளை உண்மைக்குக் கிட்டே கொண்டுவந்திருக்கிறது.

#5 அளவுகோல்

தாத்தா சொல்வது சுவையாக இருக்கிறது. ஆனால் டர்னர் அதைக் குறையாகச் சொல்கிறார், வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் குறை? 1646 ஜூன் 5, அயர்லாந்தில் பென்பர்ப். ஓவன் ரோ ஓ'நீலின் ஐரிஷ் படை, ராபர்ட் மன்றோவின் ஸ்காட்லாந்துப் படையை நொறுக்கியது. ஐரிஷ்காரர்களின் ஈட்டி நீளம், தலை சின்னது. எதிரியின் ஈட்டி குட்டை, தலை அகலம். ஓர் அடி நீளம் கூட என்றால் ஓர் அடி முன்னாலேயே குத்தலாம், அவ்வளவுதான் விஷயம். சோம்பேறித்தனத்தில் நறுக்கியவன் சண்டையில் விலை கொடுத்தான்.

#6 தூரிகைத்தாத்தா

பென்பர்ப்பில் மன்றோவின் ஆட்கள் காலையிலிருந்து சுற்று வழியில் நடந்து களைத்துப்போய் வந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈட்டி நீளம் ஒரு காரணம்தான்.

நீங்கள் சொன்னதே என் பக்கம் பேசுகிறது. ஒரே போர்க்களத்தில் இரண்டு படைக்கு இரண்டு நீளம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் "சரியான நீளம்" எது?

#7 சூரிச்_மழை

வணக்கம், கனகாலம் வாசிக்க மட்டும் வாறனான், இப்பதான் எழுதுகிறேன். நான் இருப்பது சுவிசில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன வருடம் சோலோத்தூர்ன் நகரத்துப் பழைய ஆயுதசாலைக்குப் போனோம். கவசம் மட்டும் ஏறக்குறைய நானூறு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கவசத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், நான் கழி ஆயுதங்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

பொம்மைக்குச் சாயம் பூசுகிற ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஈட்டித்தலை சின்னது, என்ர பெருவிரலை விடக் கொஞ்சம்தான் பெரிசு. ஆனால் தலையோடு முடிவதில்லை. அதிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் மரத்தோடு ஒட்டிக் கீழே கனதூரம் இறங்கி வருகின்றன, ஆணி அடித்திருக்கிறது. குதிரைக்காரன் வாளால் வெட்டினால் தலை பறந்துவிடக்கூடாது என்பதற்காக. கனபேர் முனையில் ஒரு பொட்டு வெள்ளி வைத்துவிட்டு மிச்சத்தை மண்ணிறம் அடிக்கிறார்கள். முனையிலிருந்து பத்து மி.மீ. வரைக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய உலோகக் கோடு இழுத்துப் பாருங்கோ, பொம்மை வேறு மாதிரி ஆகிவிடும்.

மரமும் கடும் மண்ணிறம் இல்லை. ஆஷ் வெளிறின மரம். பழைய வைக்கோல் நிறம் என்று சொல்லலாம்.

ஹால்பர்ட்டைப் பற்றித் தாத்தா சொல்வார் என்று விட்டுவிடுகிறேன். சுவிஸ் ஆட்கள் அதைக் கேட்டால் 1315, 1386 சண்டைகள் என்று தங்கட பாட்டன் கதையைத் தொடங்கிவிடுவார்கள், இழை முடியாது.

#8 ஈயச்சிப்பாய்

உலோகப் பட்டை எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி அண்ணா. தாத்தா, ஹால்பர்ட்?

#9 தூரிகைத்தாத்தா

சொல்கிறேன். உங்கள் நாலு ஹால்பர்ட்டையும் நாலு சார்ஜன்ட் கையில் கொடுங்கள், சாதாரணச் சிப்பாய்க்கு ஒன்றுகூட வேண்டாம்.

1500 வாக்கில் ஹால்பர்ட் பெரும்படை ஆயுதம். 1640இல் அது பதவிக்கான அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தாலும் கோடாரித் தலை தெரிந்தால் அங்கே சார்ஜன்ட் நிற்கிறார் என்று அர்த்தம். அதற்காக அலங்காரப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். வரிசை நெளிந்தால் கழியைப் படுக்கையாகப் பிடித்து ஆட்களை நெட்டி நேராக்குவார், இடைவெளி அளப்பார், பின்வாங்கப் பார்க்கிறவனை முதுகில் தள்ளி உள்ளே அனுப்புவார். இன்னொரு பயனும் உண்டு. மூன்று ஹால்பர்ட்டை முக்காலி போலத் தலையில் சேர்த்துக் கட்டி நிறுத்தி, தண்டனை பெற்ற சிப்பாயை அதில் கட்டிக் கசையடி கொடுப்பார்கள். ஆங்கிலப் படையில் ஹால்பர்ட்டுக்குக் கொண்டுபோவது என்றாலே கசையடிதான். 1792 வரைக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், அப்புறமும் 1830 வரை ஒரு வகைக் குட்டை ஈட்டி.

அதனால் பொம்மையை வரிசையின் முன்னால் வீரம் காட்ட நிறுத்தாதீர்கள். பின்னாலோ பக்கவாட்டிலோ, ஹால்பர்ட் படுக்கையாக, பார்வை எதிரி மேல் இல்லாமல் சொந்த ஆட்களின் முதுகு மேல். அதுதான் சார்ஜன்ட்.

அதிகாரிகளுக்கு பார்ட்டிசான். இலை மாதிரி அகன்ற தலை, அடியில் இரண்டு சின்ன இறக்கை, கழுத்தில் குஞ்சம். தமிழில் வேல் என்றே சொல்லிவிடலாம், பைக்கை விட இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த அந்தப் புகழ்பெற்ற காவற்படை ஓவியத்தில் மஞ்சள் உடை லெப்டினன்ட் கையில் இருப்பது அதுதான், முனை நம்மைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

குஞ்சம் கட்டிய ஆயுதம்தானே என்று இளக்காரமாகப் பார்த்தால் ஒரு பெயர் சொல்கிறேன்: வாலன்ஸ்டைன். ஜெர்மனியை உலுக்கிய முப்பதாண்டுப் போரில் (1618–1648) புனித ரோமப் பேரரசரின் மாபெரும் தளபதி, பேரரசருக்கே பயம் வரும் அளவுக்கு வளர்ந்தவர். 1634 பிப்ரவரி 25 இரவு, ஏகர் நகரத்தில் (இன்றைக்குச் செக் நாட்டின் செப்) படுக்கையறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போன கேப்டன் வால்டர் டெவரூ அவரைக் குத்தியது பார்ட்டிசானால். அந்தப் போரில் கழி ஆயுதம் சாய்த்த தனி ஆள்களில் அவரை விடப் பெரிய ஆள் கிடையாது. அதுவும் போர்க்களத்தில் இல்லை, இரவு உடையில் நிராயுதபாணியாக நின்றபோது.

#10 குதிரைக்குளம்பு

போலந்தின் இறக்கை வைத்த குதிரைப்படையை யாருமே பேசக் காணோமே! கோப்பியா என்கிற அவர்களுடைய குதிரை ஈட்டி பெரும்பாலான காலாட்படை ஈட்டிக்குச் சளைத்ததில்லை, 5 மீட்டரைத் தொடும். மரத்தை இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்து மறுபடி ஒட்டுவார்கள், அதனால்தான் குதிரை மேலிருந்து ஒரு கையால் தூக்க முடிந்தது. 1605இல் கிர்க்ஹோல்மில் ஸ்வீடன் படையை, எண்ணிக்கையில் பாதிகூட இல்லாமல், துவைத்து எடுத்தார்கள். ஸ்வீடன்காரர்களிடம் நல்ல நீள ஈட்டி போதவில்லை. ரஷ்யத் துப்பாக்கிக் காலாட்களான ஸ்த்ரெல்ட்ஸிகளின் பார்டீஷ் வேறு இருக்கிறது, பிறை நிலா மாதிரி பெரிய கோடாரி...

#11 அளவுகோல்

குளம்பு, உங்களுக்குத் தனி இழை போட்டுத் தருகிறோம். எல்லா இழையும் போலந்தில் போய் முடிகிறது.

#12 குதிரைக்குளம்பு

நல்ல இழைகள் எல்லாம் அங்கேதான் முடியும் :)

#13 பகடை_ஆறு

நான் ஆட்டப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஈயச்சிப்பாய், நீளத்தை விட உங்களுக்கு முக்கியமான கேள்வி ஈட்டியை எப்படிப் பிடிப்பது. பெட்டியில் மூன்று வகைக் கை இருக்கும்: நெட்டுக்குத்தாக, சாய்வாக, முன்னால் நீட்டி. கடையில் படம் பார்க்கும்போது நீட்டிய ஈட்டிதான் அழகு, முள்ளம்பன்றி மாதிரி. நானும் ஆசைப்பட்டு நாற்பது பேருக்கும் அப்படியே ஒட்டினேன். ஈட்டி பேஸுக்கு (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டு) வெளியே ஆறு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. எதிரிப் படையை ஒட்டி வைக்கவே முடியவில்லை. இரண்டு படை மோதினால் ஒன்றின் ஈட்டி மற்றதன் ஆட்களைக் கீழே தள்ளிவிடும். கடைசியில் நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்து "இங்கே சண்டை நடக்கிறது" என்று எழுதி ஆடினோம். பிறகு எல்லாவற்றையும் பிய்த்து எடுத்து நெட்டுக்குத்தாக மாற்றினேன். இப்போது முன்வரிசையில் மட்டும் சாய்வு, பின்வரிசை எல்லாம் நிமிர்ந்து நிற்கும்.

குதிரையை எதிர்க்கும் நிலை ஒன்று இருக்கிறதே, ஈட்டியின் அடியை வலது பாதத்தோடு முட்டுக் கொடுத்து, இடது கையால் சாய்த்துப் பிடித்து, குனிந்து வலது கையால் வாளை உருவுவது. அப்படி ஒரே ஒரு பேஸ் மட்டும் செய்து வைத்திருக்கிறேன். குதிரைப்படை வந்தால் முன்னால் எடுத்து வைப்பேன், எதிராளி ஒரு விநாடி யோசிப்பார். அது போதும்.

விதிகளைப் பற்றி ஒரு புலம்பல். பல விதிநூல்களில் ஈட்டிப்படை மோதலில் பயங்கரமாக அடிக்கிறது, பகடை கைநிறைய உருட்டச் சொல்கிறார்கள். உண்மையில் ஈட்டிக்காரன் அவ்வளவு பேரைக் கொன்றானா? முப்பதாண்டுப் போரில் தானே சிப்பாயாக இருந்த ஜெர்மன் எழுத்தாளர் கிரிம்மல்ஸ்ஹவுசன் 1670இல் எழுதிய கதையில் ஒரு கிண்டல் வருகிறது. ஈட்டிக்காரனைக் கொல்கிறவன் ஓர் அப்பாவியைக் கொன்ற பாவத்துக்கு ஆளாகிறான், ஏனென்றால் தானாக ஓடிவந்து ஈட்டியில் ஏறுகிறவனைத் தவிர அவன் யாரையும் ஒன்றும் செய்வதில்லை என்கிற பொருளில். நக்கல்தான், ஆனால் அனுபவம் பேசுகிறது.

ஈட்டியின் வேலை கொல்வதில்லை, நெருங்க விடாமல் நிறுத்துவது. குதிரை கூரான வேலிக்குள் ஓடாது. துப்பாக்கிக்காரன் குண்டும் மருந்தும் நிரப்பும் நேரத்துக்கு அந்த வேலி வேண்டும், அவ்வளவுதான். அதனால் எங்கள் வீட்டு விதியில் ஈட்டிப்படைக்குத் தாக்கும் பகடையைக் குறைத்து, நிலைத்து நிற்பதற்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். 1645இல் இங்கிலாந்தில் நடந்த நேஸ்பி சண்டையில் அரசர் பக்கக் காலாட்கள் ஒரு தடவை சுட்டுவிட்டு, வாளும் துப்பாக்கிக் கட்டையுமாகத்தான் உள்ளே பாய்ந்தார்கள் என்று அங்கே இருந்தவரே எழுதியிருக்கிறார். கட்டையடிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள்.

#14 அளவுகோல்

இதில் பகடையோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் பேரரசரின் தளபதி மொண்டெகூக்கோலி சும்மா ஈட்டியைக் காலாட்படை ஆயுதங்களின் ராணி என்று சொல்லவில்லை. அவர் 1664இல் செயின்ட் காட்ஹார்டில் துருக்கியரைத் தடுத்து நிறுத்திய ஆள், அலங்காரப் பேச்சு பேசுகிறவர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துருக்கியப் போர்முனையில்தான் பேரரசர் படைகள் ஈட்டியை மற்றவர்களுக்கு முன்னால் கைவிட ஆரம்பித்தன. அதற்குப் பதிலாகக் கூர்முனை வைத்த கட்டைகளைக் குறுக்கே கோத்து வேலியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், சம்பளமும் வேண்டாம்.

எண்ணிக்கைக்கு வருகிறேன், ஈயச்சிப்பாய்க்குப் பயன்படும். நாடாளுமன்றத் தரப்பு 1645இல் அமைத்த புது மாதிரிப் படையில் ஒரு ரெஜிமென்ட் 1,200 பேர், இரண்டு துப்பாக்கிக்கு ஓர் ஈட்டி. ஆகவே 24 பொம்மை வைத்தால் 16 துப்பாக்கி, 8 ஈட்டி. போர் தொடங்கிய புதிதில் பல இடத்தில் ஈட்டி இதைவிடக் கூடுதலாக இருந்தது, அதனால் 1642க்குச் செய்கிறீர்கள் என்றால் பாதிக்குப் பாதி வைத்தாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் ஸ்வீடன் படையில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு (காலாட்படைப் பிரிவு) 216 ஈட்டி, 192 துப்பாக்கி. ஈட்டிதான் அதிகம்! ஆனால் அது காகிதக் கணக்கு. நோயிலும் ஓட்டத்திலும் ஆள் குறையும்போது ஈட்டியைத் தூக்க ஆள் கிடைக்காது.

நாற்பது ஈட்டி ஒட்டப் போகிறேன் என்றீர்களே, அதற்கு எண்பது துப்பாக்கி வேண்டும். தெரியும்தானே?

#15 ஈயச்சிப்பாய்

இப்போதுதான் தெரிகிறது. வீட்டில் சொல்லவில்லை.

#16 சூரிச்_மழை

அளவுகோல் அண்ணா, ஸ்பெயின்காரர்களையும் ஒரு வரி சொல்லிவிடுங்கோ. கவசம் போட்ட ஈட்டிக்காரனுக்கு அவர்கள் கொசெலேத்தே என்று பெயர் வைத்தார்கள், கவசம் இல்லாதவன் பிக்கா சேக்கா, "காய்ந்த ஈட்டி". கவசம் இல்லாதவனுக்குச் சம்பளமும் குறைவு, பெயரும் அப்படி. வெலாஸ்கெஸின் பிரேடா சரணடைவு ஓவியத்துக்கு ஸ்பெயினில் "ஈட்டிகள்" என்றுதான் செல்லப்பெயர். வலது பக்கத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு நேராக நிற்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் சாய்ந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் நான் என் பொம்மைகளை ஒட்டினேன். எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றால் உயிர் இல்லை.

#17 வெயில்_பட்டறை

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஈயச்சிப்பாய், எஃகுக் கம்பிக்கு எதற்குப் பணம்? வீட்டில் தென்னந்துடைப்பம் இல்லையா?

ஈர்க்குச்சிதான் நான் பதினோரு வருடமாகப் போடுவது. புதுத் துடைப்பமாக வாங்கி, நடுவிலிருந்து நேராக இருக்கும் குச்சிகளாகப் பொறுக்க வேண்டும். அடி தடிமனாகவும் நுனி மெலிந்தும் இயற்கையாகவே இருப்பதால் இழைக்க வேண்டியதில்லை. தடிமன் ஒரு மி.மீ.க்குப் பக்கத்தில் வரும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் நகத்தால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அந்த வழுவழுப்பில் சாயம் நிற்காது. பிறகு வெள்ளைப் பசையை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து முக்கி எடுத்து, செய்தித்தாளில் பரப்பி மேலே கனமாக ஏதாவது வைத்துக் காய விட்டால் வளையாது. நான் அரிசி டின்னை வைப்பேன்.

முனைக்கு: குச்சியின் நுனியைக் குறடால் லேசாக நசுக்கினால் தட்டையாகும், பிளேடால் இரண்டு பக்கமும் சீவினால் இலை வடிவம் வந்துவிடும். அசலில் தலை சின்னதுதான் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார், அதனால் பெரிதாக்க ஆசைப்பட வேண்டாம். துணிந்து கையை வைக்கலாம், குத்தாது. உடைந்தால் துடைப்பத்தில் இன்னும் இருநூறு இருக்கிறது.

நீளம் எத்தனை என்று என்னைக் கேட்டால், 80 மி.மீ. காரணம் வரலாறு இல்லை, என் பெட்டியின் உயரம் 115 மி.மீ.

#18 பகடை_ஆறு

கடைசி வரியைப் பொன்னெழுத்தில் பொறித்து இழையின் தலையில் ஒட்டுங்கள்.

#19 அளவுகோல்

பெட்டி உயரத்துக்காக ஈட்டியை நறுக்குவதா. டர்னர் திட்டியது இவர்களைத்தான்.

#20 தூரிகைத்தாத்தா

ஆமாம், இவர்களைத்தான். அதனால்தான் பொருத்தமாக இருக்கிறது என்கிறேன்.

#21 நாலாம்வகுப்பு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், சின்னக் கேள்வி. இதே பொம்மைகளை 1690களுக்கும் ஓட்டலாமா? ஈட்டி எப்போது காணாமல் போனது?

#22 அளவுகோல்

உடை மாறிவிடும், தொப்பி மாறிவிடும், அதனால் பொம்மை ஒத்துவராது. ஈட்டி மட்டும் கொஞ்சம் இருந்தது, நாலு ஐந்து துப்பாக்கிக்கு ஒன்று என்கிற அளவில் தேய்ந்துபோய்.

ஈட்டியைக் கொன்றது பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. முதலில் வந்தது குழாய்க்குள் செருகும் வகை. செருகினால் சுட முடியாது, சுட வேண்டும் என்றால் பிடுங்க வேண்டும். 1689 ஜூலை 27, ஸ்காட்லாந்தில் கில்லிக்ராங்கி: ஹியூ மக்கேயின் ஆட்கள் சுட்டுவிட்டு பயனெட்டைச் செருகுவதற்குள் மலைநாட்டுக்காரர்கள் வாளோடு மேலே விழுந்துவிட்டார்கள். குழாயைச் சுற்றி மாட்டும் வகை வந்த பிறகு, அதை மாட்டிக்கொண்டே சுடலாம். அத்தோடு ஒவ்வொரு துப்பாக்கிக்காரனும் தானே குட்டை ஈட்டிக்காரனாகிவிட்டான். பிரான்சில் கோட்டைப் பொறியாளர் வோபான் நச்சரித்து நச்சரித்து 1703இல் ஈட்டியை ஒழிக்க வைத்தார். இங்கிலாந்தும் ஏறக்குறைய அதே சமயத்தில்.

ஸ்வீடன் மட்டும் விடவில்லை. பன்னிரண்டாம் சார்லஸின் படையில் மூன்றில் ஒருவன் ஈட்டிக்காரன், 1709இல் பொல்டாவாவுக்கும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அவர்களுக்கு அது வேலி இல்லை, நடந்தே போய் முட்டும் ஆயுதம்.

இன்னொன்று, ஈட்டி கிடைக்காதவன் எதையும் எடுப்பான். 1685இல் செட்ஜ்மூரில் மன்மத் கோமகனின் கலகக்காரர்களில் ஒரு கூட்டம் புல்லறுக்கும் அரிவாளைக் கழியில் நேராக நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வந்தது. அதற்குத் தனிப் பொம்மை வாங்க வேண்டாம், கழியை மாற்றினால் போதும்.

#23 சூரிச்_மழை

1653இல் இங்கே நடந்த விவசாயிகள் கலகத்திலும் அதே கதை. உருட்டுக்கட்டையில் ஆணி அடித்துக்கொண்டு வந்தார்கள், எதிரில் பீரங்கி.

#24 ஈயச்சிப்பாய்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முடித்துவிட்டேன், படம் நாளைக்குப் போடுகிறேன், வெளிச்சம் சரியில்லை.

செய்தது இதுதான். பிளாஸ்டிக் ஈட்டிகளில் பதினாறை அப்படியே விட்டேன், 75 மி.மீ. மிச்சத்துக்கு ஈர்க்குச்சி. அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்கலாம் என்று பார்த்தேன், துடைப்பம் மெலிந்தது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. புதிது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை நான் வைத்துக்கொண்டேன். ஈர்க்குகளை 82இலிருந்து 88 வரை கண்ணளவில் வெட்டினேன். முன்வரிசைக்கு நீளமானவை, பின்னால் போகப் போகக் கலந்து. அளவுகோல் ஐயாவுக்காக ஒரே ஒரு ஆளுக்கு 98. கொடிக்குப் பக்கத்தில், தாடி வைத்த பெரியவர். உத்தரவைப் படித்துவிட்டு அப்படியே கேட்கிற ஒருவர் எல்லாப் படையிலும் இருப்பார் அல்லவா.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்குக் காலடியில் துண்டு ஈர்க்கு ஒட்டினேன், ஒருவன் கையில் கத்தி. நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜன்ட் ஹால்பர்ட்டைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், இன்னும் திரும்பவில்லை.

உலோகப் பட்டை முதல் எட்டு ஆளுக்கு இழுத்தேன். ஒன்பதாவதில் கண் வலித்தது. மற்றவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும்.

#25 அளவுகோல்

98க்கு நன்றி. அந்தப் பெரியவருக்குக் கவசம் உண்டா?

#26 ஈயச்சிப்பாய்

உண்டு. தொப்பிதான் ஒட்டும்போது தொலைந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன்.

#27 வெயில்_பட்டறை

பெட்டியில் இரண்டு கற்பூர உருண்டை போட்டு வையுங்கள். ஈர்க்கை எதுவும் செய்யாது என்றுதான் நானும் நினைத்தேன். போன மழைக்காலத்தில் என் பாதி ரெஜிமென்ட்டைக் கரப்பான் நறுக்கிவிட்டது, எல்லாம் சரியாக ஓர் அடி.